இகெபானா: முதல் கிளையை நிற்க வைப்பதிலிருந்து

ஜப்பானியப் பூ அலங்காரக் கலையான இகெபானாவைப் பழகத் தொடங்குகிறவர்களின் கண் பூவின் மேலேயே இருக்கும். எந்த நிறம், எத்தனை பூ, எதோடு எது சேரும் என்பதிலேயே முதல் அரை மணி நேரம் போய்விடும். பிறகு கிளையை எடுத்து ஊசித்தட்டில் குத்தினால் மெல்லச் சாயும். மறுபடி குத்தினால் மறுபடி சாயும். நாலைந்து தடவை குத்தியதில் அடி நைந்து, கிளை குட்டையாகி, கடைசியில் எப்படியோ ஒரு பக்கம் சாய்த்து நிறுத்திவிட்டு, ‘எனக்குக் கலைக்கண் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். கண்ணில் குறை எதுவும் இல்லை. கிளையின் அடியை வெட்டிய விதமும் அதை ஊன்றிய விதமும்தான் தவறு. அடி நிலைத்து நின்றால் நினைத்த கோணம் கிடைக்கும், கோணம் கிடைத்தால் பூக்கள் தாமாக அவற்றின் இடத்துக்கு வந்துவிடும். அதனால் இங்கே அடிக்குத்தான் அதிக இடம் தந்திருக்கிறோம்.

எந்த வடிவில் தொடங்குவது

இந்தக் கலைக்கு ஜப்பானில் ‘காதோ’ என்றும் பெயர் உண்டு. பூவின் வழி என்று பொருள். கியோட்டோவில் உள்ள ரொக்காகுதோ கோயிலில் வளர்ந்தது இது. அந்தக் கோயிலின் துறவி இகெனோபோ செங்கெய் பூ வைத்ததைப் பார்க்க மக்கள் திரண்டார்கள் என்று 1462-ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. அவர் வழியில் வந்த இகெனோபோ மரபு இன்றும் அங்கேதான் இருக்கிறது. பல கிளைகளைக் கொண்டு கோபுரம்போல் எழுப்பும் ரிக்கா, மூன்றே கோடுகளில் அடங்கும் ஷோகா, உயரமான ஜாடியில் வைக்கும் நாகெஇரே என வடிவங்கள் பல. புதியவருக்கு நாங்கள் சொல்வது மோரிபானா: தட்டையான பாத்திரத்தில் வைக்கும் முறை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹாரா உன்ஷின் இதை உருவாக்கினார். அப்போதுதான் ஜப்பானுக்குள் வரத் தொடங்கியிருந்த மேலைநாட்டுப் பூக்களுக்குக் காம்பு குட்டை. பழைய உயரமான வடிவங்களில் அவை பொருந்தவில்லை. மோரிபானாவில் ஒவ்வொரு தண்டும் தனித்தனியாக நிற்கும், எது எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தவறு செய்தால் அதுவும் தெரியும். பழகுவதற்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை.

கீழே உள்ள அளவுகள் சோகெட்சு மரபின் அடிப்படை நிமிர்ந்த வடிவத்துக்கானவை. தெஷிகாஹாரா சோஃபு 1927-இல் தொடங்கிய மரபு அது. வேறு மரபில் சேர்ந்தால் பெயரும் விகிதமும் மாறும். சோகெட்சுவில் மூன்று முதன்மைத் தண்டுகளும் ஷின், சோஎ, ஹிகாஎ. இகெனோபோவின் ஷோகாவில் ஷின், சோஎ, தாய். ஓஹாராவில் ஷு, ஃபுகு, கியாகு. ஒரு மரபின் அளவையும் இன்னொன்றின் கோணத்தையும் கலந்துவிடாதீர்கள். முதல் ஆண்டில் ஏற்படும் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

வேண்டிய பொருள்கள்

சூய்பான் என்பது அகலமான, ஆழம் குறைந்த பாத்திரம். 25 முதல் 30 செ.மீ. விட்டமும் சுமார் 5 செ.மீ. ஆழமும் இருந்தால் போதும். வேலைப்பாடு வேண்டாம், கறுப்பு, வெள்ளை, சாம்பல் போன்ற ஒற்றை நிறம் நல்லது. கோலம்போட்ட பாத்திரம் பூவோடு சண்டை போடும்.

அடுத்தது கென்சான். ஈயக் கட்டியில் பித்தளை ஊசிகளை நெருக்கமாக நட்டுச் செய்த தட்டு. பெயருக்குப் பொருள் ‘வாள் மலை’. இந்த அளவுப் பாத்திரத்துக்கு 7 அல்லது 8 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கென்சான் சரி. வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும், ஊசிகள் அடர்ந்திருக்க வேண்டும். எடை குறைந்ததும் ஊசி இடைவெளி விட்டதும் கிளையைத் தாங்காது. செலவில் எதைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். அடியில் ரப்பர் வளையம் இருந்தால் பாத்திரம் கீறாது, வழுக்கவும் வழுக்காது. ஈயம் என்பதால் தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

கத்தரிக்கோல் ஹசாமி எனப்படும் பூ வெட்டும் வகையாக இருக்கட்டும். கிளையை அலகின் நுனியால் வெட்டாமல் அடிப்பகுதியில் கொடுத்து வெட்ட வேண்டும். நுனியால் வெட்டினால் திருகாணி தளர்ந்து அலகுகள் விலகிவிடும். கம்பியை அதால் வெட்டவே கூடாது. இவை தவிர ஒரு வாளி, ஒரு கிண்ணம், ஒரு துணி, ஒரு அளவுகோல்.

கிளைக்கு தோதான்-ட்சுட்சுஜி, யுகியானாகி, ரெங்யோ போன்ற ஜப்பானில் வழங்கும் புதர்ச்செடிகளின் கிளைகள் தொடக்கத்துக்கு ஏற்றவை: மெலிந்தவை, வெட்ட எளியவை. பூவுக்குச் செவ்வந்தி, கார்னேஷன், ரோஜா. பருத்த செர்ரிக் கிளையையும் ஜெர்பெராவையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். முன்னதன் அடி ஊசியில் இறங்காது, பின்னதன் காம்பு மெத்தென்று இருப்பதால் ஊசியிலேயே நசுங்கிவிடும். இரண்டு மூன்று கிளைகளும் மூன்று பூக்களும் ஒரு முறைக்குப் போதும். ஒரு பூவாவது பாதி விரிந்ததாக இருந்தால் நல்லது.

முதலில் தண்ணீர்

எதையும் அளப்பதற்கு முன் மிசுகிரி செய்ய வேண்டும், அதாவது நீருக்குள் வெட்டுவது. கிண்ணத்தில் நீர் நிரப்பி, தண்டின் அடியை அதில் முக்கி, நீருக்குள்ளேயே 1 அல்லது 2 செ.மீ. வெட்டித் தள்ளுங்கள். வெளியில் வெட்டினால் நீர் ஏறும் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பாத்திரம் நிறைய நீர் இருந்தும் பூ தலை தொங்குவது அதனால்தான். வெட்டியதும் அரை மணி நேரமாவது வாளியில் ஆழமான நீரில் நிற்க விடுங்கள்.

செவ்வந்தியைக் கத்தரிக்கத் தேவையில்லை, நீருக்குள் கையால் ஒடித்தால் போதும். ஒடிந்த இடத்தில் நார் பிரிந்து நீரை நன்றாக இழுக்கும். வாடிப்போன ரோஜாவுக்கு வெந்நீர் வைத்தியம்: பூவையும் இலையையும் நியூஸ்பேப்பரில் சுற்றி ஆவி படாமல் காத்து, அடி 2 செ.மீ. மட்டும் கொதிநீரில் 20 முதல் 30 நொடி வைத்து, உடனே குளிர்ந்த ஆழ்நீருக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

அடியை ஊன்றுவது

கிளைக்கும் பூக்காம்புக்கும் வெட்டு வேறு. பூவின் மெத்தென்ற காம்பை நேராக, குறுக்கே வெட்டுங்கள். தட்டையான அடியில் அதிக ஊசிகள் ஏறும். மரக்கிளையைச் சரிவாக வெட்டுங்கள், கூர்முனைதான் ஊசிகளுக்கு நடுவே புகும்.

இனி மெதுவாகச் செய்ய வேண்டியது. கென்சானைக் காலிப் பாத்திரத்தில் வைத்து, ஒரு கையால் அதை அழுத்திப் பிடியுங்கள். கிளையை அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, செங்குத்தாக, நேர்கீழே அழுத்துங்கள். சாய்வான கிளையாக இருந்தாலும் முதலில் செங்குத்துதான். ஊசிகள் மரத்தைக் கடிப்பது விரலுக்குத் தெரியும். நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே, அதே இடத்தில் பிடித்தபடி, வேண்டிய பக்கம் சாயுங்கள். சாய்க்கும்போது வெட்டுமுகம் மேலே பார்க்க வேண்டும், அதாவது சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம். அப்போது கெட்டியான பட்டை கீழ்ப்பக்கம் ஊசிகளுக்கு இடையில் இறுகிக்கொள்ளும். வெட்டுமுகம் கீழே பார்த்தால் உள்மரம் ஊசியில் வழுக்கி, கிளை மெல்ல மெல்ல இறங்கும். காலையில் 45 டிகிரியில் வைத்தது மாலையில் பாத்திர விளிம்பில் படுத்திருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மேலே நுனியைப் பிடித்து இழுத்துச் சாய்க்கக் கூடாது. நெம்புகோல்போல் அடி பிடுங்கிக்கொள்ளும், ஊசியும் வளையும். கிளையை லேசாக அசைத்தால் கென்சானும் சேர்ந்து அசைய வேண்டும். கிளை மட்டும் ஆடினால் ஊன்றல் போதவில்லை.

பருத்த கிளை இறங்க மறுத்தால் அடியில் ஒன்றிரண்டு பிளவு கொடுங்கள், மரம் நெகிழ்ந்து ஊசிக்கு இடம் விடும். ஊசிகளுக்கு நடுவே நழுவும் மெல்லிய காம்பை, தடித்த காம்பின் சிறு துண்டு ஒன்றுக்குள் செருகி அதோடு சேர்த்து ஊன்றலாம். கனத்தால் கென்சானே கவிழப் பார்த்தால், சாய்வுக்கு எதிர்விளிம்பின் மேல் இன்னொரு கென்சானைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்.

அளவு

பாத்திரத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குங்கள். அதுதான் ஷின்னின் நீளம். சோஎ அதில் முக்கால். ஹிகாஎ, சோஎவில் முக்கால். 30 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பாத்திரத்துக்கு: 35 × 1.5 = 52.5. ஷின் சுமார் 52, சோஎ 39, ஹிகாஎ 29 செ.மீ. நீள்சதுரப் பாத்திரமானால் விட்டத்துக்குப் பதில் நீளம்.

‘பூவுக்கு என்ன கணக்கு?’ என்று சிலருக்குத் தோன்றும். கணக்கைத் தொடக்கத்தில் அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். பாத்திரத்தின் அகலம் கிளையின் உயரத்தைத் தாங்குகிறதா என்பதைக் கண் தானாகச் சொல்லப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அளவுகோல் கண்ணாக இருக்கட்டும். அளவுக்கு 2 செ.மீ. கூடுதலாகவே முதலில் வெட்டுங்கள். ஊன்றிப் பார்த்துக் குறைக்கலாம், ஒட்டவைக்க முடியாது.

கோணம்

கோணம் எல்லாம் செங்குத்துக் கோட்டிலிருந்து கணக்கு. ஷின் 10 முதல் 15 டிகிரி, சோஎ 45, ஹிகாஎ 75. எண்ணைவிடக் கடிகாரம் எளிது. உங்களுக்கு நேரே ஒரு கடிகார முகம் இருப்பதாக வைத்துக்கொண்டு, கென்சானை அதன் மையமாக எண்ணிக்கொள்ளுங்கள். மணி முள் பதினொன்றரைக்கு நிற்கும் இடம் ஷின். பத்தரைக்கு நிற்கும் இடம் சோஎ. இரண்டரைக்கு நிற்கும் இடம் ஹிகாஎ.

கடிகாரம் தட்டை, இகெபானா தட்டை இல்லை. மூன்று தண்டுகளும் உங்களை நோக்கி முன்னாலும் வர வேண்டும். ஷின் உங்கள் இடது தோளைப் பார்த்துச் சாயும். சோஎ இடப்பக்கம் முன்னோக்கி நீளும். ஹிகாஎ வலப்பக்கம் முன்னோக்கித் தாழும். இதை மறந்தால் மூன்றும் ஒரே சுவரில் ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரே கோடாகத் தெரியும். புதியவர்களிடம் நாங்கள் மிகுதியாகக் காணும் பிழை இதுதான். ஷின்னைப் பின்பக்கம் சாய்ப்பது அடுத்த பிழை.

கென்சானைப் பாத்திரத்தின் நடுவில் வைக்காமல் இடது முன்பக்கம் வையுங்கள். வலப்பக்கத்தில் வெறும் நீர் விரிந்திருக்கும். அந்த வெற்றிடம் வடிவத்தின் பகுதி, அதை நிரப்பக் கூடாது. கென்சானில் மூன்று தண்டுகளும் முக்கோணமாக ஊன்றப்பட வேண்டும்: ஷின் பின்பக்கம், சோஎ இடது முன்பக்கம், ஹிகாஎ வலது முன்பக்கம். இந்த வடிவத்தில் ஷின்னும் சோஎவும் கிளைகள், ஹிகாஎ பூ. எதை ஊன்றினாலும் எழுந்து ஒரு கை தூரம் விலகி, பார்வை பாத்திரத்தின் நடு உயரத்துக்கு வரும்படி அமர்ந்து பாருங்கள். மேலிருந்து குனிந்தபடியே வேலை செய்தால் கோணம் எல்லாம் பொய் சொல்லும்.

குறைப்பது

ஊன்றுவதற்கு முன்பே கிளையைக் கையில் சுழற்றிப் பார்த்து வெயில் பட்ட முகத்தைக் கண்டுபிடியுங்கள். இலையின் மேற்புறம் உங்களைப் பார்க்கும் பக்கம் அது, அதுவே முன்பக்கம். பிறகு கழியுங்கள்: கீழ்நோக்கி வளர்ந்த மிலார், முதன்மைக் கோட்டைக் குறுக்கே வெட்டும் மிலார், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இரண்டில் ஒன்று, நீருக்குள் போகும் இலைகள் அனைத்தும். ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன் கையால் மறைத்துப் பாருங்கள். மறைத்தபோது கோடு தெளிவானால் வெட்டலாம். நுனியை மட்டும் வெட்டாதீர்கள். வளரும் நுனி போனால் கிளை மழுங்கி, கம்பாகிவிடும்.

வளைவு போதவில்லையானால் கையால் வளைக்கலாம். இரண்டு கட்டைவிரல்களும் தொட்டுக்கொள்ளும்படி கிளையைப் பிடித்து, லேசாக முறுக்கிக்கொண்டே, சிறிது சிறிதாக, கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் வளையுங்கள். வில்லோ சொன்னபடி கேட்கும். கமேலியாவும் பிளமும் சட்டென்று முறியும், அவற்றில் பழகாதீர்கள்.

துணைத் தண்டுகள்

மூன்றும் நின்ற பிறகே ஜுஷி எனப்படும் துணைத் தண்டுகள். ஒவ்வொன்றும் அது சேரும் முதன்மைத் தண்டைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், ஒரே உயரத்தில் இரண்டு பூ நிற்கக் கூடாது. ஹிகாஎவுக்குத் துணையாக இரண்டு பூக்கள், அடியை மறைக்க இரண்டு மூன்று சிறு மிலார்கள் போதும். கென்சான் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பச்சையைத் திணித்துவிடாதீர்கள். முன்பக்கத்திலும் கொஞ்சம் பின்பக்கத்திலும் மறைந்தால் சரி. ஊசி முனைகளுக்கு மேல் 1 செ.மீ. நிற்கும்படி நீர் ஊற்றுங்கள்.

இன்னும் ஒரு பூ வைக்கலாமா என்ற எண்ணம் வந்தால், வைப்பதற்குப் பதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எடுத்தது தெரியவில்லையானால் அது தேவைப்படவில்லை.

எப்படிப் பழகுவது

ஒரே வடிவத்தை எட்டு, பத்துத் தடவை, வெவ்வேறு கிளையில் செய்யுங்கள். பூவை மாற்றிக்கொண்டே போவதைவிட இது பலன் தரும்: கோணம் மாறாதபோதுதான் கிளைக்குக் கிளை உள்ள வேறுபாடு தெரியும். பிறகு சாய்ந்த வடிவம். அதில் ஷின்னும் சோஎவும் கோணத்தை மாற்றிக்கொள்ளும். ஷின் 45-க்கு இறங்கும், சோஎ 15-க்கு நிமிரும். நீளங்கள் மாறாது. நாகெஇரேயை அதற்குப் பிறகு தொடுங்கள். அதில் கென்சான் இல்லை. ஜாடியின் வாய், உட்சுவர், அடித்தரை ஆகியவற்றில் முட்டியும், வாய்க்குள் குறுக்கே இறுக்கிய சிலுவைக் குச்சியில் சாய்ந்தும் கிளை நிற்க வேண்டும். கென்சானில் எடையை உணர்ந்த கைக்கு அது பிடிபடும்.

ஆசிரியரிடம் சேர முடிந்தால் சேருங்கள். வகுப்பில் மாணவர் வைத்து முடித்ததும் சென்செய் வந்து சில தண்டுகளைத் திருத்துவார். சில சமயம் ஒரே ஒரு கிளையை இரண்டு விரற்கடை நகர்த்துவார், மொத்தமும் மாறிவிடும். திருத்திய வடிவத்தை இரண்டு படமாக வரைந்துகொள்ளுங்கள்: ஒன்று முன்னிருந்து, ஒன்று நேர்மேலிருந்து. புகைப்படத்தில் முன்னோக்கிய சாய்வு தெரியாது, மேலிருந்து வரைந்த படத்தில்தான் தெரியும். பிறகு பிரித்து, அதே தண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அன்றே ஒரு முறை திரும்ப வையுங்கள்.

வைத்த பிறகு

வெயிலும் காற்றாடியின் காற்றும் நேராகப் படாத இடம் நல்லது. பழுத்த பழங்களுக்கு அருகில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு கார்னேஷனைச் சீக்கிரம் வாடவைக்கும். தினமும் நீரை மாற்றுங்கள். கலைக்காமல் மாற்ற, குவளையால் பழைய நீரை முகந்து எடுத்துவிட்டுப் புதியதை ஓரமாக ஊற்றலாம். பூ வாடினாலும் கிளை தாங்கும். ஹிகாஎவையும் அதன் துணைகளையும் மட்டும் எடுத்துவிட்டுப் புதுப்பூ வையுங்கள், 29 செ.மீ. அளவு அப்படியே.

முடிவில் கென்சானைக் கழுவி, ஊசிகளுக்கு நடுவே சிக்கிய நார்த்துண்டுகளைக் கூர்மையான குச்சியால் எடுத்துவிடுங்கள். மிச்சம் விட்டால் அழுகி, அடுத்த முறை ஊற்றும் நீரை முதல் நாளே கலங்கவைக்கும். வளைந்த ஊசிகளை நிமிர்த்த கென்சான்-நாவோஷி என்ற சிறு கருவி கிடைக்கும். அதன் குழாய் முனையை ஊசியில் மாட்டி மெதுவாக நிமிர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் பித்தளை அடியோடு ஒடியும். துடைத்து நன்றாக உலர்த்தி, ஊசிப்பக்கம் எதுவும் படாமல் எடுத்துவையுங்கள்.